மாண்டிசோரி வகுப்பில் ஓர் இடம்: காத்திருப்புப் பட்டியலின் கணக்கு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அரசு நிதியில் இயங்கிய ஒரு மாண்டிசோரி பள்ளிக்கு, இருக்கும் இடங்களைவிட அதிகமான விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்தன. குலுக்கல் போட்டுத்தான் குழந்தைகளைச் சேர்த்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டின் கண்ணில் அந்தக் குலுக்கல் பட்டது. நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, குலுக்கலில் இடம் கிடைத்து அங்கே படித்த 59 குழந்தைகளையும், இடம் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போன 53 குழந்தைகளையும் சோதித்துப் பார்த்தார். 2006இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. ஐந்து வயதுக் குழந்தைகளில், எழுத்தையும் சொல்லையும் இனங்காண்பதிலும், கணக்கிலும், தன் கவனத்தைத் தானே ஆளும் திறனிலும் மாண்டிசோரி குழந்தைகள் முன்னால் நின்றார்கள்.

குலுக்கல் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாண்டிசோரி பள்ளியைத் தேடிப் போகும் பெற்றோர், மற்றப் பெற்றோரைப் போன்றவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் வீட்டில் புத்தகம் அதிகம் இருக்கலாம், நேரம் அதிகம் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தையை அடுத்த தெருக் குழந்தையோடு ஒப்பிட்டால், அளக்கப்படுவது பள்ளியா, வீடா என்று தெரியாது. மில்வாக்கியில் இரண்டு தரப்புப் பெற்றோரும் ஒரே பள்ளிக்கு விண்ணப்பித்தவர்கள். அவர்களைப் பிரித்தது குலுக்கல் மட்டும். பின்னர் ஹார்ட்ஃபோர்டு நகரில் இதே வழியில் 141 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் சமமாக இருந்த இரு குழுக்களும் போகப்போக விலகின. ஏழைக் குழந்தைகளுக்கும் வசதியான குழந்தைகளுக்கும் இடையிலான இடைவெளி மாண்டிசோரி வகுப்பில் சுருங்கியது. 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு, 24 அரசுப் பள்ளிகளின் சேர்க்கைக் குலுக்கல்களிலிருந்து 588 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அங்கும் கிண்டர்கார்ட்டன் முடிவில் மாண்டிசோரி குழந்தைகள் வாசிப்பிலும் நினைவாற்றலிலும் முன்னே இருந்தார்கள். செலவோ, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குழந்தைக்குச் சுமார் 13,000 டாலர் குறைவு.

யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு என்ன எண் விழுந்தது, யாருக்கு இடம் தரப்பட்டது என்று அந்தப் பள்ளிகளின் அலுவலகங்கள் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் இத்தனையும் கைகூடின. ஆனால் இன்று ஒரு மாண்டிசோரி மழலையகம் சேர்க்கைக்கு மென்பொருள் வாங்கப் போகும்போது, நிர்வாகியின் பார்வை பெரும்பாலும் வேறு இடங்களுக்குப் போகிறது. கட்டணம் தானாக வசூலாகுமா, பெற்றோரின் கைபேசிக்குப் படம் அனுப்பலாமா, விண்ணப்பப் படிவம் அழகாக இருக்கிறதா? இவை எல்லாம் வேண்டியவைதான். அடுத்த குழந்தை யார் என்று மென்பொருள் எந்த விதியின்படி சொல்கிறது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. அதை முதலில் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

அந்தக் கேள்வி ஏன் கடினமானது என்று புரிய, இந்த முறையின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். வயது வாரியாகக் குழந்தைகளைப் பிரிக்காமல் ஒரே அறையில் வைத்தார். இன்றுவரை அந்த முறையின் உயிர்நாடி அதுதான்: மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே வகுப்பு, மூன்று ஆண்டுகள் ஒரே ஆசிரியர். சின்னவன் பெரியவனைப் பார்த்துக் கற்கிறான். பெரியவள் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தான் கற்றதை உறுதி செய்துகொள்கிறாள். நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, பிரம்மஞான சபை வளாகத்தில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி, மூத்த குழந்தைகளுக்கான தன் கல்விமுறையை விரித்தார்.

கலப்பு வயது என்ற இந்த ஒன்றுதான் சேர்க்கைக் கணக்கைச் சிக்கலாக்குகிறது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் என்றால், ஒருவர் பயணத்தை ரத்து செய்ததும் அடுத்தவருக்குப் படுக்கை கிடைத்துவிடும். அவருக்கு வயது பத்தா எழுபதா என்பது பொருட்டில்லை. மாண்டிசோரி வகுப்பில் காலியாகும் இடத்துக்கு வயது உண்டு. ஆண்டின் நடுவில் ஐந்து வயதுக் குழந்தைகள் ஆறு பேர் போய்விட்ட இடத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் ஆறு பேரைச் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். வகுப்பு வேறு வகுப்பாகிவிடும்.

இதைக் கணக்கிட ஓர் எளிய விதி இருக்கிறது. பின்னாளில் எம்ஐடியில் பணியாற்றிய ஜான் லிட்டில் 1961இல் அதை நிறுவினார். ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, ஆண்டுக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதையும் ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு தங்குகிறார் என்பதையும் பெருக்கினால் வரும் எண். வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் பொருந்தும் அதே விதி வகுப்பறைக்கும் பொருந்துகிறது. 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் எல்லோரும் மூன்று ஆண்டு தங்கினால் ஆண்டுக்கு 10 பேரைச் சேர்க்கலாம். வயதுக்குப் பத்துப் பேர் என்று வகுப்பு சமநிலையில் நிற்கும்.

ஆனால் எல்லோரும் மூன்று ஆண்டு தங்குவதில்லை. அமெரிக்காவில் ஐந்து வயதானதும் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டன் இலவசம். கட்டணம் கட்டிச் சலித்த பெற்றோரில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டு முடிவில் குழந்தையை எடுத்துவிடுகிறார்கள் என்று கொள்வோம். சராசரித் தங்கல் இரண்டரை ஆண்டாகிறது. 30 இடங்களை நிரப்ப ஆண்டுக்கு 12 பேரைச் சேர்க்க வேண்டும். வகுப்பில் மூன்று வயதில் 12, நான்கு வயதில் 12, ஐந்து வயதில் 6 என்று ஆகிறது. கலிஃபோர்னியாவில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அங்கே 2025–26 கல்வியாண்டு முதல், செப்டம்பர் 1க்குள் நான்கு வயது நிறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவச இடம் உண்டு. பாதிப் பேர் முதல் ஆண்டோடு போய்விட்டு, மீதிப் பேர் முழுதும் தங்கினால் சராசரி இரண்டே ஆண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் 15 புதிய மூன்று வயதுக் குழந்தைகள், அதாவது பாதி வகுப்பு, வாசலில் அழுதபடி நிற்கும். அவர்களுக்கு வகுப்பின் பழக்கங்களைக் காட்டித்தரும் ஐந்து வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அனுபவமுள்ள எந்த மாண்டிசோரி ஆசிரியருக்கும் இது என்ன மாதிரியான ஆண்டாக இருக்கும் என்று தெரியும்.

எனவே மென்பொருளிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது, இன்றைய காலியிடங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் அடுத்த இரண்டு ஆண்டுகளின் வயதுப் பரவலையும் காட்டுவது. அதற்கு அது, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் தங்குகிறார்கள், எத்தனை பேர் போகிறார்கள் என்ற பழைய பதிவைப் பயன்படுத்த வேண்டும். மூன்று வயது அறை, நான்கு வயது அறை என்று தனித்தனியே வைத்து ஆண்டுதோறும் எல்லோரையும் ஓர் அறை முன்னேற்றும் பொதுவான மழலையக மென்பொருளில் இதை வலிந்து திணிக்கத்தான் வேண்டியிருக்கும்.

லிட்டிலின் விதியைக் காத்திருப்புப் பட்டியலின் மீதே திருப்பிப் பார்த்தால் கசப்பான ஓர் உண்மை தெரியவரும். ஆண்டுக்கு 10 இடங்கள். அதில் நான்கு, ஏற்கெனவே படிக்கும் குழந்தைகளின் தம்பி தங்கைகளுக்குப் போகிறது. ஒன்று அங்கே வேலை செய்பவரின் குழந்தைக்கு. வெளியாருக்கு மிஞ்சுவது ஐந்து. பட்டியலில் 60 பேர் இருந்தால் கடைசிக் குடும்பம் 12 ஆண்டு காத்திருக்க வேண்டும். குழந்தையோ ஆறு வயதில் அந்த அறையைத் தாண்டிவிடும்! இப்படியும் பட்டியல்கள் இயங்குவதற்குக் காரணம், பெரும்பாலானவர்கள் நடுவழியில் விலகிவிடுவதுதான். ஒரே குடும்பம் ஐந்து இடங்களில் பெயர் கொடுத்திருக்கும். ஒன்றில் கிடைத்ததும் மற்ற நான்குக்கும் சொல்லாது. ஆகவே "நீங்கள் 43ஆவது" என்று பெற்றோரிடம் சொல்வது தகவலே இல்லை. கடந்த ஆண்டுகளில் இதே வயதில், இதே மாதத்தில் பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று சொன்னால், வேறு ஏற்பாடு செய்வதா வேண்டாமா என்று அந்தப் பெற்றோரால் முடிவெடுக்க முடியும்.

பட்டியலைத் தூய்மைப்படுத்த, "இன்னும் இடம் வேண்டுமா?" என்று அவ்வப்போது கேட்டு, பதில் சொல்லாதவர்களை நீக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. இதில் எனக்குப் பெரிய கவலை இருக்கிறது. இரவுப் பணி பார்க்கும் ஒரு தாய், ஆங்கிலம் சரளமாக வாசிக்காத ஒரு தந்தை, அடிக்கடி கைபேசி எண் மாறும் ஒரு குடும்பம்: ஒரே ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் போவது இவர்களிடமிருந்துதான் அதிகம். சான் லொரென்சோவில் மாண்டிசோரியின் முதல் இல்லத்துக்கு வந்தது இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைகளே. குறுஞ்செய்தி, வீட்டு மொழியில் நினைவூட்டல், கடைசியாக ஒரு தொலைபேசி அழைப்பு என்று எல்லாம் முடிந்த பிறகே நீக்கு என்று மென்பொருளுக்குக் கட்டளையிட முடியாவிட்டால், அந்தத் தானியங்கி வசதியை அணைத்து வைப்பது நல்லது.

ஒரு மழலையகத்தில் கைக்குழந்தைகள் அறை, நடைபயிலும் குழந்தைகள் அறை, மூன்று முதல் ஆறு வயது வகுப்பு என்று மூன்றும் இருந்தால் வேறொரு விந்தை நிகழ்கிறது. சமூகவியலாளர் ஹாரிசன் ஒயிட் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'காலியிடச் சங்கிலி' என்று பெயரிட்டார். அவர் ஆராய்ந்தது தேவாலயப் பாதிரிமார்களை: ஒரு பெரிய தேவாலயத்தின் பாதிரி ஓய்வு பெற்றால் அங்கே இன்னொருவர் வருகிறார், அவர் விட்ட இடத்துக்கு மூன்றாமவர் வருகிறார். பின்னர் ஐவன் சேஸ் என்ற ஆய்வாளர் இதையே துறவி நண்டுகளிடம் கண்டார். பெரிய கூடு ஒன்று கரையில் கிடைத்தால் ஒரு நண்டு அதற்குள் குடியேறும். அது விட்ட கூட்டுக்குள் அதைவிடச் சிறிய நண்டு போகும். ஒரே கூட்டின் வரவால் பல நண்டுகளுக்கு வீடு மாறும்.

மழலையகத்திலும் ஜனவரி மாதத்தில் ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் குடும்பம் ஊர் மாறிப் போனால், நடைபயிலும் அறையிலிருந்து ஒருவன் மேலே வரலாம். அவன் இடத்துக்குக் கைக்குழந்தை அறையிலிருந்து ஒருத்தி. அவள் தொட்டிலுக்குப் பட்டியலில் காத்திருக்கும் புதுக் குடும்பம். கலிஃபோர்னிய விதிப்படி இரண்டு வயதுக்குக் கீழே நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும், நடைபயிலும் குழந்தைகள் அறையில் ஆறுக்கு ஒருவர், அதற்கு மேல் பன்னிரண்டுக்கு ஓர் ஆசிரியர். எந்த நாளிலும் இந்த விகிதம் உடையக் கூடாது. இதன்மேல், மாண்டிசோரி முறையில் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போவது பிறந்தநாளை மட்டும் வைத்து முடிவாவதில்லை; அது தயாராகிவிட்டதா என்று ஆசிரியர் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுக்கண்ணியில் உள்ள குழந்தை இன்னும் இரண்டு மாதம் ஆகட்டும் என்று ஆசிரியர் சொன்னால் சங்கிலி முழுதும் நிற்கும். அறைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே வைக்கும் மென்பொருளுக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது. பிறந்த தேதியோடு 'மாறத் தயாராகும் மாதம்' என்ற இன்னொரு தேதியை ஆசிரியர் பதிவு செய்யவும் திருத்தவும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறக்காத குழந்தைக்கும் பெயர் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். கைக்குழந்தை அறைக்குப் பெற்றோர் கருவுற்ற காலத்திலேயே வந்து நிற்கிறார்கள்.

இடம் தருகிறோம் என்ற அழைப்பை அனுப்புவதிலும் நிகழ்தகவு இருக்கிறது. அழைக்கப்படும் மூன்று குடும்பங்களில் ஒன்றுதான் ஏற்கிறது, பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பின் ஒருவராக அழைத்தால் ஓர் இடம் நிரம்பச் சராசரியாக ஒன்பது நாள். பத்து இடங்களுக்கு ஒரே நேரத்தில் பத்து அழைப்பு, பிறகு மிச்சத்துக்கு மறுபடியும் என்று போனால், ஐந்து சுற்றுக்குப் பிறகும், அதாவது பதினைந்து நாள் கழித்தும், ஓர் இடமாவது காலியாக நிற்கும் வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டு, விமான நிறுவனங்களைப் போல 30 பேரை ஒரேயடியாக அழைத்தால்? சராசரியாகப் பத்துப் பேர்தான் வருவார்கள். ஆனால் ஐந்தில் இரண்டு முறை எண்ணிக்கை பத்தைத் தாண்டும். ஆறில் ஒரு முறை 13 அல்லது அதற்கு மேல் போகும். விமானத்தில் இருக்கை கிடைக்காதவருக்குப் பணம் கொடுத்து அடுத்த விமானத்தில் அனுப்பலாம். மழலையகம் கூடுதல் குழந்தையை உள்ளே விட்டால் உரிமத்துக்கே ஆபத்து. எனவே அழைப்பை அளவாகக் கூட்டி அனுப்பவும், காலக்கெடு முடிந்ததும் அடுத்தவரிடம் தானாக நகரவும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும்.

இனி வரிசை விதிக்கு வருவோம். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நியாயம் போலத் தெரிகிறது. அது பரிசளிப்பது முன்கூட்டியே தெரிந்திருந்தவரை. அந்த ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த குடும்பம் எவ்வளவு சீக்கிரம் ஓடினாலும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும். உடன்பிறந்தாருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் முன்னுரிமைப் படிகள் வைத்து, ஒவ்வொரு படிக்குள்ளும் குலுக்கல் போடுவதையே நான் ஆதரிக்கிறேன்.

முழுநாள், அரைநாள், இரண்டு வளாகங்கள் என்று பெற்றோர் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கேட்கும் மென்பொருளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் பல ஆண்டுகள் முதல் விருப்பத்தை முதலில் நிரப்பும் முறையைப் பின்பற்றின. ஒரு பெற்றோர் மனமாரத் தன் முதல் விருப்பத்தை எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவது விருப்பமும் அதற்குள் நிரம்பிவிட்டிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் பொய் எழுதினார்கள். தெரியாதவர்கள் உண்மை எழுதி இழந்தார்கள். 2005இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. மாற்றாக வந்தது டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர்கள் 1962இல் தந்த முறை. ஒவ்வொரு குழந்தையும் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறது. பள்ளி தன் முன்னுரிமைப்படி தேவையான பேரை உடனே உறுதி செய்துவிடாமல், கையில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பியவர்கள் அடுத்த கதவைத் தட்டும்போது அந்தப் பள்ளி, கையில் உள்ளவர்களையும் புதிதாக வந்தவர்களையும் சேர்த்து மறுபடி ஒப்பிடுகிறது. யாரும் தட்டாத நிலை வரும்வரை எதுவும் உறுதியில்லை. இதில் உண்மையான விருப்பத்தை எழுதுவதால் எந்தக் குழந்தைக்கும் நட்டமில்லை. நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகள் 2003இல் இந்த வகை முறைக்கு மாறியபோது, விருப்பப் பட்டியலில் இல்லாத பள்ளிக்கு அனுப்பப்பட்ட மாணவர் எண்ணிக்கை சுமார் 30,000இலிருந்து ஏறத்தாழ 3,000 ஆனது. ஷாப்லியும், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இதை நடைமுறைப்படுத்துவதில் பங்கேற்ற ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளியல் நோபல் பெற்றார்கள்.

குலுக்கலையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1969 டிசம்பரில் அமெரிக்கா வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்கக் குலுக்கல் போட்டபோது, பிறந்த தேதிகள் அடைத்த குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை. ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். கணினி வந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைப்போம். 2010இல் ஐரோப்பியப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய உலாவித் தேர்வுத் திரையில் ஐந்து உலாவிகளின் வரிசை சமவாய்ப்பாக இருக்க வேண்டும். கலைக்கும் நிரல் தவறாக எழுதப்பட்டதால் சில உலாவிகள் சில இடங்களிலேயே அதிகம் வந்து நின்றன. சரியாகக் கலைக்கும் வழியை ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938லேயே வெளியிட்டிருந்தார்கள். கணினியின் சமவாய்ப்பு எண்கள் ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறப்பவை. அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மீண்டும் வரும். அந்த எண்ணைப் பெற்றோர் முன்னிலையில் தேர்ந்து, பதிவு செய்து வைத்தால், பின்னால் யார் வேண்டுமானாலும் குலுக்கலை மறுபடி ஓட்டிச் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்களுக்கான குலுக்கலில் நெஞ்சு படபடக்க நின்ற பெற்றோருக்கு, இது ஏன் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்பேரன்ட் கிளாஸ்ரூம், மாண்டிசோரி கம்பாஸ் போன்ற மென்பொருள்கள் மாண்டிசோரி வகுப்புக்கென்றே எழுதப்பட்டவை. பிரைட்வீல், புரோகேர் போன்றவை எல்லா மழலையகங்களுக்கும் பொதுவானவை. ஒரே வகுப்பும் ஐம்பது அறுபது பெயர்களும் மட்டுமே உள்ள சிறிய இல்லத்துக்கு, ஒழுங்காகப் பராமரித்த எக்செல் தாளும் பொறுப்பான ஓர் ஆளும் போதும் என்பது என் எண்ணம். அறைகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போதும், வளாகம் ஒன்றுக்கு மேல் ஆகும்போதும்தான் மென்பொருள் தேவையாகிறது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் சென்ற ஆண்டுப் பட்டியலைப் பெயர்களை நீக்கி உள்ளே ஏற்றச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே கொடுங்கள்: செப்டம்பரில் மூவர் விலகல், ஜனவரியில் ஒரு குடும்பம் ஊர் மாற்றம், மார்ச்சில் ஒரு தங்கையின் பிறப்பு. ஒவ்வொரு முறையும் மென்பொருள் யாரை அழைக்கிறது, நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று அருகருகே எழுதுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்கள் கட்டாயம் இருக்கும். சிலவற்றில் மென்பொருள் சரியாக இருக்கும். தெரிந்தவர் என்பதற்காக நீங்கள் ஒருவரை முன்னால் அழைத்திருப்பது அப்போது தெரியவரும். சிலவற்றில், ஆசிரியரின் "இன்னும் தயாரில்லை" என்ற சொல்லை மென்பொருள் மதிக்காமல் போயிருக்கும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணமான விதி எது, அதை மாற்ற யாருக்கு அனுமதி, மாற்றினால் யார், எப்போது மாற்றினார் என்ற தடம் பதிவாகுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.